ஷூவுக்குள் இருந்த பஞ்சு

விசில் ஊதியதுதான் தாமதம், அத்தனை பிள்ளைகளும் கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாட்டம் பிய்த்துக்கொண்டு ஓடின. யுவராணி பின்தங்கிக்கொண்டாள். ஓடினாள்தான், ஆனால் அப்படிப் பேய்பிடித்தாற்போல ஓடவில்லை. ஓடுங்கடி ஓடுங்க, தோப்புத் தாண்டறதுக்குள்ள பாதிப் பேருக்கு நாக்குத் தள்ளிரும், அப்பறம் பேசிக்கலாம். ரோஸ்லின் டீச்சர் சொல்லிக் கொடுத்தது அதுதான், மொதல்ல பின்னாடியே இரு, முன்னாடி போறவ முதுகைப் பார்க்காதே, உன் மூச்சை மட்டும் கேளு. மூச்சைத்தான் கேட்கப் பார்த்தாள். கேட்டதென்னவோ வலது கால். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஓரிடம், கட்டைவிரலால் அமுக்கினால் உயிர் போகிற இடம், ஒவ்வொரு மிதிக்கும் நானிருக்கேன் நானிருக்கேன் என்றது. இரு, ஆரு வேண்டாம்னா. மைதானத்தை விட்டால் தென்னந்தோப்பு, தோப்பை விட்டால் வாய்க்கால் மேடு, மேட்டோடு போய்க் கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடியைச் சுற்றித் திரும்பி, மதகுப் பக்கம் இறங்கினால் மறுபடி மைதானம். இப்படி ரெண்டு சுற்று. முதல் ஆறு பேருக்குள் வந்தால் மாநிலப் போட்டி. மாநிலத்துக்குப் போயிட்டா விளையாட்டு விடுதியில உனக்கு இடம் வாங்கித் தர்றது எம் பொறுப்பு என்று டீச்சர் பைபிள் மேல் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தாள். விடுதிக்குப் போய்விட்டால் தனித் தட்டு இல்லை, தனிப் பாய் இல்லை, முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்க்க ஆளில்லை. ஆறுக்குள் வராவிட்டால் நாளைக்கு டாக்டரம்மா, நாளன்னிக்கு அப்பா. வேறே வழியே கிடையாது.

தோப்புக்குள் நிழல் விழுந்து முதுகு சில்லிட்டது. மட்டையும் பன்னாடையும் காலில் இடறின. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பாசம் பொங்காமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே இல்லை. அம்மா கலாமணி தேங்காய்க் களத்தில் காய் உடைக்கப் போகிறவள், அந்த ஷூவை ஒருநாளும் கையால் தொட்டதில்லை, அந்தக் கருமத்தை வாசலோட விடு என்பாள். அன்றைக்கென்று பார்த்து, சனிக்கிழமை பந்தயமாமா, சேத்தோட போய் நின்னா எங்க மானமில்ல போவுது என்று தானாக எடுத்துக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் வைத்தாள். உள்ளே இருந்த அட்டையை உருவினாள். அடியிலிருந்து பஞ்சு வந்தது. ஒரு ஷூவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்தில் மாசாமாசம் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பஞ்சு, தண்ணீரைக் குடித்து உப்பிப்போய்க் கல்மேல் பொத்தென்று விழுந்தது. ஏ அம்மிணி, இங்க வா, இதென்னது? கால் வலிக்குதும்மா, மெத்துனு இருக்கட்டும்னு வெச்சேன். அட கருமமே, இதைப் போயி ஆராச்சும் ஷூவுக்குள்ள வெப்பாங்களா, என்று அம்மா சிரித்தாள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது, முதலில் சிரிக்கத்தான் செய்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லப் போனவள் பாதியில் நின்றாள். சிரிப்பும் பாதியில் நின்றது. அப்ப உனக்கு? என்றாள். யுவராணிக்கு ஆயிரம் பொய் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துதான் நின்றது, ஒன்றும் வெளியே வரவில்லை. கல்மேல் இருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

நின்றுபோய் ரொம்ப நாளாச்சு. சித்திரையில் மாரியம்மன் நோம்பி முடிந்த கையோடு வந்ததுதான் கடைசி, இப்போது ஆடிக் காத்து அடிக்கிறது. முதல் மாசம் வராதபோது, சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது, விட்டது சனி என்று ஓடினாள். ஆனால் அந்த வீட்டில் அது வருவதும் போவதும் ஊரறிந்த சமாச்சாரம். நடையில் தனிப் பாய், தனித் தட்டு, சாமி மாடத்துப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது, மூணாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்படி. அம்மாவுக்கு முடிந்தால் இவளுக்கு வரும், வயசுக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான், ஆத்தாளும் மகளும் மாற்றி மாற்றி நடையில் படுப்பார்கள். அம்மா பாயைச் சுருட்டி வைத்தாள், இவள் பழக்க தோஷத்தில் அதை விரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. வராத ஒன்றுக்குப் பாய் விரித்துப் படுத்தாள். அம்மா உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயைக் குழியாக ஊற்றி, தின்னு சாமி, இடுப்புக்குப் பெலம் என்று தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அந்தக் களி நாய்க்குப் போயிற்று. அடுத்த மாசமும் அப்படியே, அதற்கடுத்த மாசமும். பஞ்சு மட்டும் செலவாகாமல் கிடந்தது. கிடந்தால் அம்மா கேட்பாள். தூக்கிப் போடலாமென்றால் புத்தம்புதுசைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஷூவோ மூணு பேர் ஓடித் தேய்த்த ஷூ, டீச்சர் அவளுடைய பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது, அடிப்பாகம் அப்பளமாகிவிட்டது. வைத்துப் பார்த்தாள். அடடா, மேகத்துமேல ஓடற மாதிரியில்ல இருந்துச்சு. இப்போது அந்தப் பஞ்சு இல்லை. அம்மா அன்றைக்கே அதைக் குப்பைமேட்டில் போட்டுத் தீ வைத்துவிட்டாள். ஒவ்வொரு கல்லும் எண்ணி எண்ணிக் காலில் ஏறுகிறது.

மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஆடிக் காத்து, ஆளைத் தூக்குகிற காத்து, வாய்க்கால் தண்ணீரெல்லாம் எதிர்த்திசையில் போகிறதோ என்று தோன்றும். முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தியாகத் தொங்கிப்போக ஆரம்பித்தார்கள், ஒரு பச்சை பனியன், ஒரு ஊதா பனியன், தாண்டினாள். உடம்பில் கனமில்லை, அதனால் காற்று தள்ளுகிறது. கனமில்லாமல் இருப்பது நல்லது என்று டீச்சர்தான் சொன்னாள். வயிறு நிறையச் சோத்தைத் தின்னுட்டு வந்தா கால் எப்படி எந்திரிக்கும், நீ என்ன கல்யாணத்துக்கா ஓடறே. கெட்டவள் இல்லை டீச்சர், காலையில் இவளுக்கென்று வாழைப்பழம் வாங்கி வருகிறவள், எலும்பு வலிக்கிறதென்றதும் ஐஸ்காரனைக் கூப்பிட்டுப் பால்ஐஸ் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் காலில் வைத்துவிட்டவள், ஐஸ் உருகி எறும்பு மொய்த்துக்கொண்டு அன்றைக்கு ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு. அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் மெல்லச் சொன்னாள், டீச்சர், எனக்கு நின்னு போச்சுங் டீச்சர். டீச்சர் ஓட்டக் கடிகாரத்திலிருந்து தலையே தூக்கவில்லை. நின்னுருச்சா, நல்லதாப் போச்சு, ஓடற புள்ளைக்கு அதெல்லாம் தொந்தரவு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவ்வளவுதான், மலை இறங்கிய மாதிரி இருந்தது. டீச்சருக்குக் குழந்தை இல்லை என்பது அப்புறம் வீடு போகிற வழியில்தான் ஞாபகம் வந்தது. அதையும் இதையும் ஏன் சேர்த்து நினைக்கிறே, சனியனே, வேறே எதாச்சும் நினை. அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தால் பயம், பார்க்காவிட்டாலும் பயம். பசி வந்து வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இப்போது வருவதையே விட்டுவிட்டது.

காத்தாடிக்கு அடியில் ஒரு சார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, திரும்புகிற ஒவ்வொருத்தி கையிலும் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார். குறுக்கே புகுந்து ஏமாற்றக் கூடாதல்லவா, முதல் சுற்றுக்குச் சிவப்பு, ரெண்டாவதுக்குப் பச்சை. தலைக்குமேல் இறக்கை உம் உம்மென்று அறுத்தது. சிவப்பு ஒன்று மணிக்கட்டில் ஏறியதும் திரும்பினாள். இப்போது காற்று முதுகில். மதகு எட்டத்தில் தெரிந்தது. மதகின்மேல் அம்மா நின்றுகொண்டிருந்தாள். களத்துக்குப் போகிற மாதிரியே சேலைக்குமேல் சட்டை, தோளில் துண்டு. மூணு வருஷமாக இவள் ஓடுகிறாள், ஒரு பந்தயத்துக்காவது வந்தாளா, இன்றைக்கு வந்திருக்கிறாள், எதற்கு? ஓட்டம் பார்க்கவா? அம்மா ஓட்டத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுக்கிற பையன்களைப் பார்க்கிறாள், கொடி பிடித்து நிற்கிறவனைப் பார்க்கிறாள், யுவராணி எவன் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்கிறாள். யுவராணி நேராகப் பார்த்தாள். கழுத்தே கட்டையாகிவிட்ட மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு அம்மாவின் காலடியில் ஓடி மைதானத்துக்குள் இறங்கினாள். ஏழாவது, ஏழாவது, என்று டீச்சர் கத்தினாள், ஒருத்தியைப் பிடி, ஒரே ஒருத்தி!

ஆரு? திங்கட்கிழமை விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அம்மா கேட்டது அந்த ஒரே வார்த்தை. ஆரு அம்மிணி? அடிக்கவில்லை, கத்தவில்லை, அடித்திருந்தால் தேவலாம். ஆருமில்லம்மா, சத்தியமா ஆருமில்ல, ஓடறதுனால அப்படியாகுமாம், டீச்சர் சொன்னாங்க. ஓடுனா நிக்குமா? நாங்க களத்துல வேகாத வெயில்ல குனிஞ்சு நிமிரலையா, எங்களுக்கு நின்னுச்சா? செவ்வாய்க்கிழமை அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தாள், ஓடுகிற பையன்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போனாள். புதன்கிழமை பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினாள். இங்கே இருக்கிற மருந்துக்கடைக்காரன் சொந்தத்தில் ஒருத்தனாயிற்றே, கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிற சின்ன அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றாள். ஒரு கோடு. ஒரே ஒரு கோடு, பாரும்மா, ஒண்ணுதான். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கோடு வருகிறதா என்று பார்த்தாள். அப்புறமும் நம்பிக்கை இல்லை. கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, உப்பெடுக்கப் போகிறவளாட்டம் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வாசலில் நின்று கோயிலைப் பார்த்துக் கையெடுத்தது இவள் காதிலும் விழுந்தது, ஆத்தா, என்ற புள்ளைக்கு அது வந்துட்டா மாவிளக்கு எடுக்கறேன், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நேற்று, வெள்ளிக்கிழமை, தலை வாரிவிடுகிற சாக்கில் பாவாடை நாடாவைச் சரி பண்ணினாள். சரி பண்ணிய கை வயிற்றின்மேல் நின்றது. அமுக்கிப் பார்த்தது. பத்து மாசம் தன்னைச் சுமந்தவளின் கைதான், ஆனாலும் யுவராணிக்கு உடம்பு கூசிச் செத்துப்போகலாம் போலிருந்தது. பந்தயம் முடியட்டும், என்றாள் அம்மா. ஞாயித்துக்கிழமை டாக்டரம்மா. திங்கக்கிழமை உங்கப்பன் நாக்பூர் லோடு இறக்கிட்டு வந்துருவாரு. அதுக்கப்பறம் ஓட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்.

ரெண்டாம் சுற்றில் தோப்பு நீண்டுபோய்க் கிடந்தது. எவனோ வந்து நடுவில் நாலு ஏக்கர் சேர்த்து நட்டுவிட்டான். கால் இப்போது நானிருக்கேன் என்று சொல்லவில்லை, வேறு எதையோ சொன்னது, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, இவள் கேட்கவில்லை. ஆருமில்ல, ஆருமில்ல என்று மூச்சு போய்ப் போய் வந்தது. ஆனால் ஒருத்தி வாரம் முழுக்கக் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தால், இல்லை என்பவளுக்கே சந்தேகம் வந்துவிடாதா? எல்லாப் பாடமும் படித்தவள்தான் யுவராணி, படம் போட்டுப் பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவள். இருந்தும் இந்த வாரம் படுக்கையில் புரண்டு புரண்டு தேடினாள். பஸ்ஸில் கூட்டத்தில் ஒருத்தன் இடித்துக்கொண்டு நின்றானே. பொட்டலில் ஓடிவிட்டுத் தாகத்தில் கடிகாரம் பிடிக்கிற பையனுடைய பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தாளே. கனவில் ஒருநாள், யாரென்றே தெரியாத முகம், விடிந்ததும் மறந்துபோனது. அதெல்லாம் ஒன்றுமில்லை, பைத்தியக்காரி, ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒருவேளை. கோடு பொய் சொல்லுமோ, ஒருவேளை. உள்ளே ஏதோ இருக்கிறது, அதுதான் காலைப் பிடித்து இழுக்கிறது, ஒருவேளை. சை. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, அதற்குள் எது இருக்கப் போகிறது, பசிகூட இல்லை. அழுகை வந்தது, ஓடும்போது அழுதால் மூச்சு முட்டும், அழக் கூடாது. மேட்டில் ஒரு வெள்ளை பனியன்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாண்டினாள். ஆறு. காத்தாடி உம் உம்மென்றது. பச்சை ரப்பர் பேண்ட் மாட்டிய சார், வலிக்குதாம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கே என்றார். இல்லீங் சார். திரும்பினாள். முதுகில் காற்று. இன்னொருத்தி, ரெட்டைச் சடை, நின்று வாந்தியெடுத்தாள். ஐந்து. ஐந்து, அம்மா, ஐந்தாவது நான், நீ வேணா எண்ணிப் பாரு. விடுதியில் இரும்புக் கட்டில் இருக்குமாம், அவரவருக்கு ஒரு கட்டில், ஒருத்தி எப்போது ஒதுங்கினாள் எப்போது குளித்தாள் என்று கணக்கு வைக்க அங்கே ஆளே இருக்காது.

மதகு வந்தது. அதற்குக் கீழே மைதானமும் மஞ்சள் ரிப்பனும் டீச்சரின் சிவப்புத் தொப்பியும் தெரிந்தன. இறக்கத்தில் வலது காலை வைத்தாள். சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற சத்தம். யாரோ சுள்ளியை மிதிச்சுட்டாங்க என்றுதான் நினைத்தாள், நினைக்கும்போதே வாய்க்கால் கரையின் உடைந்த சிமெண்ட் பலகைமேல் கிடந்தாள். வலி உடனே வரவில்லை. தொடையின் உள்பக்கத்தை அந்தப் பலகையின் முனை கிழித்துக்கொண்டு போனது மட்டும் சுரீரென்று தெரிந்தது. அப்புறம் கால் வலி வந்தது, வந்தது என்று சொன்னால் போதாது, உலகத்தில் வேறே எதுவுமே இல்லாமல் போயிற்று. ரெட்டைச் சடை ஓடிவந்து ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, ஐயோ என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனாள். யுவா, எந்திரி! ரிப்பனுக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். தவந்தாவது வந்துரு கண்ணு, இன்னும் ஆறாவது இருக்கு! ஆரும் அவளைத் தொடாதீங்க, தொட்டா அவுட்டு, தொடாதீங்க! யுவராணி முழங்கையை ஊன்றினாள். தவழ்ந்தாள். சரளை கையில் ஏறியது. ஏறட்டும். ரிப்பன் அசைந்தது, வெள்ளை பனியன்காரி இன்னும் மேட்டில்தான் நொண்டுகிறாள், வந்துவிடலாம். ஒரு முழங்கை, இன்னொரு முழங்கை. பின்னால் இழுபடுகிற காலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டாள்.

அம்மா மதகிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மிணி அம்மிணி என்று அலறிக்கொண்டு வந்தவள், பக்கத்தில் வந்ததும் கப்பென்று நின்றாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. மஞ்சள் டவுசரைப் பார்த்தாள். டவுசரின் உள்பக்கம் சிவந்து, சிவப்பு பரவி, தொடை வழியாக முழங்கால்வரை இறங்கியிருந்தது. அம்மாவின் வாய் திறந்தது. அந்த முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ஒன்று, போன ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்லடியில் சிரித்த சிரிப்பின் மீதி, மெல்ல வந்து ஏறியது. வந்துருச்சா? என்றாள், மூச்சுக் குரலில், பையன்கள் காதில் விழாமல். சாமி, வந்துருச்சா? யுவராணிக்குக் கிழிசல் எங்கே எரிகிறதென்று தெரியும், டவுசருக்குள் மறைந்திருக்கிறது, அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இல்லம்மா, அடிபட்டுருச்சு என்று சொல்லலாம். சொன்னால் அந்த முகம் மறுபடி அணைந்துபோகும், நாளைக்கு டாக்டரம்மா, நாளன்னிக்கு அப்பா, ஆரு, ஆரு, ஆரு. வலியில் பல் கிட்டித்துப் போயிருந்தது. ஆமாம்மா, என்றாள்.

என்ற ஆத்தா, என்ற வயித்துல பாலை வார்த்தியே, என்று அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை உருவி அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஐயோ, தொட்டுட்டாங்களே, தொட்டுட்டாங்களே என்று டீச்சர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள். வெள்ளை பனியன்காரி நொண்டிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனாள். மைதானத்தில் யாரோ கைதட்டினார்கள். அம்மா அழுதாள், சிரித்தாள், மகளின் உச்சந்தலையில் முத்தம் வைத்தாள், உன்னைப் போயி சந்தேகப்பட்டேனே, இந்தப் பாவி வாய் அழுகிப்போக, என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஓடு சாமி, இனி நீ எத்தனை வேண்ணாலும் ஓடு, உங்கப்பன் வந்தா நான் பேசிக்கறேன், உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன், புது ஷூவே வாங்கித் தாரேன் உனக்கு, என்றாள். யுவராணி அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பார்க்கக் கூடாது என்று வைத்திருந்ததைப் பார்த்தாள். முழங்கால் வானத்தைப் பார்த்திருந்தது. ஷூ வாய்க்காலைப் பார்த்துக் கிடந்தது. அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை.